மூச்சிரைப்புக்கும் வீடு தேடி வரட்டும் மருத்துவம்

காசநோய் என்றாலே சானடோரியம் என்றிருந்த காலத்தை முடித்துவைத்த ஆய்வு சென்னையில் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 1956இல் இங்கே ஒரு மையத்தைத் தொடங்கின. இன்று அது சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேர் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது, மறுபாதி வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெற்றது. இரு தரப்புக்கும் மருந்து ஒன்றுதான். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் காற்றோட்டமும் கிடைத்தன. வீட்டிலிருந்தவர்களுக்கு அரைவயிற்றுச் சோறும் ஒற்றை அறையும்தான், பலர் வேலைக்கும் போய்வந்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு பார்த்தால் குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்த நோயாளிகளோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் இந்த முடிவு வெளியான பிறகுதான் உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்குத் திரும்பியது. இதில் பலரும் சொல்லாமல் விட்டுவிடும் விவரம் ஒன்று உண்டு. மாத்திரையைக் கையில் கொடுத்து ‘போய் வா’ என்று யாரும் அனுப்பிவிடவில்லை. நோயாளி வாரந்தோறும் மையத்துக்கு வந்தார். மையத்து ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள், சில நாள் சொல்லாமலும் போனார்கள். மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், மருந்து உடம்பில் சேர்ந்ததா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். ஏழை வீட்டைச் சானடோரியத்துக்கு இணையாக்கியதில் மருந்துக்கு இருந்த பங்கு இந்தப் போக்குவரத்துக்கும் இருந்தது.

அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தப் பாடம் மற்ற நுரையீரல் நோய்களுக்கு வந்து சேரவில்லை. சி.ஓ.பி.டி. என்று மருத்துவர்கள் எழுதும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஆஸ்துமா, காசநோய் ஆறிய பிறகும் நுரையீரலில் தங்கிவிடும் வடு ஆகிய மூன்றும் நம் ஊரில் ‘இளைப்பு’, ‘வீசிங்’ என்ற பெயர்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இந்திய மாநிலங்களின் நோய்ச்சுமையைக் கணக்கிட்டு 2018இல் வெளியான ஆய்வு, நாட்டில் சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் 1990இல் 2.81 கோடியாக இருந்து 2016இல் 5.53 கோடியானதாகச் சொல்கிறது. உலக மக்கள்தொகையில் 18 சதவீதம் நாம். ஆனால் நாள்பட்ட மூச்சு நோய்களால் உலகம் இழக்கும் ஆரோக்கியமான ஆண்டுகளில் 32 சதவீதம் நம்முடையது. அதாவது நோய் இங்கே கூடுதல் என்பதோடு முடியவில்லை, நோய் வந்தவர் இங்கே கூடுதலாக அவதிப்படுகிறார், சீக்கிரம் சாகிறார். உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் எட்டில் ஒருவர் அளவுக்கே இந்தியர்கள், ஆஸ்துமா சாவுகளிலோ ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவில் நிகழ்கிறது. வைத்தியம் தெரியாத நோயாக இருந்தால் விதி என்று விட்டுவிடலாம். ஆஸ்துமா அப்படிப்பட்டதில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கு ஏற்கெனவே ஒரு பாதை போட்டுவைத்திருக்கிறது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவருகிறார். இயன்முறை சிகிச்சையாளரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் நடமாட முடியாதவர்களைத் தேடிப் போகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. இதே பாதையில் மூச்சு நோயையும் முழுமையாக ஏற்ற வேண்டும் என்பதே என் வாதம். மாத்திரைப் பையில் இன்னொரு அட்டையைச் சேர்ப்பதால் அது ஆகிவிடாது. மூச்சு நோயாளியின் வீட்டுக்கு முதலில் போக வேண்டியது ஒரு கைத்திறன். அதை நேரில் இருந்து சொல்லித்தர ஆள் வேண்டும்.

ரத்த அழுத்த மாத்திரையை விழுங்கத் தெரிந்தால் போதும், அது தன் வேலையைச் செய்யும். ‘பம்ப்’ என்று நாம் சொல்லும் இன்ஹேலர் அப்படியில்லை. குலுக்க வேண்டும், மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும், அழுத்துவதும் உள்ளிழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், பிறகு பத்து விநாடியாவது மூச்சைப் பிடித்துவைக்க வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் மருந்தில் பெரும்பகுதி நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். இன்ஹேலர் பயன்பாடு குறித்த நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான அலசல் ஒன்று 54,354 பேரின் விவரங்களைப் பார்த்தது. சரியாகச் செய்தவர்கள் 31 சதவீதம் மட்டுமே, நாற்பது ஆண்டுகளில் இந்த நிலை மேம்படவும் இல்லை. கருவிக்குள் வைத்துத் துளையிட்டு உறிஞ்ச வேண்டிய கேப்ஸ்யூலை அப்படியே தண்ணீரோடு விழுங்குபவர்களும் உண்டு. இவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம் அலைமோதும் புறநோயாளிப் பிரிவில் ஒரு நிமிடத்தில் காட்டிய வித்தை வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடும்.

மருந்து உள்ளே போகாததால் இளைப்பு அடங்காது. ‘பம்ப் எனக்கு ஒத்துக்கல’ என்று நோயாளி முடிவுகட்டிவிடுவார், அல்லது ‘பம்ப் பழகிட்டா விடவே முடியாது’ என்று யாரோ சொன்னதை நம்பிவிடுவார். பிறகு மூச்சு முட்டும்போதெல்லாம் பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி, புகை வைத்தல், நாலு நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை. அது உடனே கேட்பதால் அதுதான் நல்ல வைத்தியம் என்ற எண்ணம் வேரூன்றும். ஆண்டு முழுக்க அடிக்கடி விழுங்கும் ஸ்டீராய்டு எலும்பையும் சர்க்கரையையும் கெடுக்கிறது. பம்ப்பில் போகும் அளவோ அதில் மிகச் சிறிய பங்கு, அது நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் உடனடி நிவாரணம் தரும் பம்ப்பை மட்டும் தனியாக நம்பியிருக்கக் கூடாது என்று 2019இலேயே சர்வதேச வழிகாட்டி நெறி மாற்றப்பட்டது. அழற்சியை அடக்கும் மருந்தும் சேர வேண்டும், பலர் இளைப்பு இல்லாத நாளிலும் அதை எடுக்க வேண்டும். நன்றாக இருக்கும் நாளில் எதற்கு மருந்து என்று கேட்கும் மனிதருக்கு இதைப் புரியவைக்க ஒருமுறை சொன்னால் போதாது. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறவர், ‘அண்ணே, என் முன்னாடி ஒருதடவை இழுத்துக் காட்டுங்க’ என்று கேட்டால் அதற்கு இணையான சிகிச்சை இந்த நோயில் அதிகம் இல்லை. அழுத்துவதையும் இழுப்பதையும் ஒருங்கே செய்ய முடியாத முதியவருக்கு ஸ்பேசர் என்ற குழல் உதவும். அரை லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் துளையிட்டுச் செய்த ஸ்பேசர், கடையில் விற்பதைப் போலவே வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்கக் குழந்தைகளிடம் சோதித்துக் காட்டிய ஆய்வு 1999இலேயே வந்துவிட்டது.

கைத்திறனில் இரண்டாவது பாதி உடற்பயிற்சி. சி.ஓ.பி.டி. நோயாளியின் நுரையீரலில் இழுத்த காற்று முழுதாக வெளியே வராமல் தேங்கிவிடுகிறது, அடுத்த மூச்சுக்கு இடமில்லாமல் போகிறது. நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று அவர் நடப்பதைக் குறைக்கிறார். நடக்காத கால் தசை மெலிகிறது. மெலிந்த தசை அதே வேலைக்கு அதிக ஆக்சிஜன் கேட்கிறது, ஆகவே முன்பைவிடச் சீக்கிரமாக மூச்சு வாங்குகிறது. இப்படியே தெருமுனைக் கடை, பிறகு வாசல், கடைசியில் கட்டில் என்று உலகம் சுருங்குகிறது. ‘உடம்பு முடியலன்னா ஓய்வெடுங்க’ என்று அன்போடு சொல்லும் குடும்பம் தெரியாமலே இதை விரைவுபடுத்துகிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படிப்படியாக நடை தூரத்தைக் கூட்டுவது, உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விடுவது என்று எட்டு வாரம் பயிற்றுவித்தால் நுரையீரல் அப்படியே இருந்தாலும் மனிதர் மாறுகிறார். 65 ஒப்பீட்டு ஆய்வுகளையும் 3,822 நோயாளிகளையும் தொகுத்து 2015இல் வெளியான காக்ரேன் அலசல், இதன் பயன் தெளிவாகிவிட்டதால் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடும் ஆய்வுகள் இனி வேண்டியதில்லை என்றே எழுதியது. மருத்துவ ஆய்வு உலகில் இப்படியொரு வாக்கியம் அரிது. ஆனாலும் நம் நாட்டில் இந்தப் பயிற்சியைப் பெறுபவர்கள் மிகச் சிலர், அதுவும் பெருநகர மருத்துவமனைகளில். மூச்சு வாங்குகிறவரை வாரம் இரண்டுமுறை பஸ் ஏறி வரச் சொல்லும் சிகிச்சை எப்படி நடக்கும்? ஆஸ்திரேலியாவில் 166 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கு ஒரே ஒருமுறை போனார், பிறகு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பாக ஏழு அழைப்புகள். பயிற்சி முடிந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்து பழகியவர்களுக்குச் சமமாக இவர்களும் முன்னேறியிருந்தார்கள். வட்டாரங்களில் ஏற்கெனவே பணியில் இருக்கும் இயன்முறை சிகிச்சையாளர்களால் செய்ய முடியாத காரியம் இதில் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வரும் ஆளுக்குப் பதிலாகக் கருவியை வைத்துவிடலாமே என்ற யோசனை இந்த இடத்தில் எழும். ஸ்காட்லாந்தில் அதையும் செய்து பார்த்தார்கள். 256 நோயாளிகளில் ஒரு பாதியின் வீட்டில் ஆக்சிஜன் அளவையும் அறிகுறிகளையும் தினமும் மருத்துவக் குழுவுக்கு அனுப்பும் தொலைக் கண்காணிப்பு வைக்கப்பட்டது. மற்றக் கவனிப்பு இரு பாதிக்கும் சமம். 2013இல் வந்த முடிவின்படி மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை அதனால் தள்ளிப்போகவில்லை. எண்ணைப் பார்ப்பதால் மட்டும் நோய் மாறுவதில்லை. கனடாவின் கியூபெக்கில் வேறு வழியில் போனார்கள். பயிற்சி பெற்ற ஊழியர் ஏழெட்டு வாரம் வாரந்தோறும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தார், பிறகு மாதந்தோறும் போனில் விசாரித்தார். 191 பேரிடம் நடந்த அந்த ஆய்வில் நோய் முற்றி மருத்துவமனையில் சேர்வது 40 சதவீதம் குறைந்தது. 2003இல் வெளியான அந்த முடிவுதான் இன்றும் பல நாடுகளின் திட்டங்களுக்கு அடிப்படை.

இதற்கு எதிரான சான்றும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இதே போன்றதொரு திட்டம் 426 பேரிடம் சோதிக்கப்பட்டது. இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. திட்டத்தில் இருந்தவர்களில் 28 பேர் இறந்திருந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 10 பேர். 2012இல் வெளியான அந்த ஆய்வால் காரணத்தைத் துலக்கமாகக் காட்ட முடியவில்லை. இதை வைத்து வீட்டுக் கவனிப்பே ஆபத்து என்று முடிவுகட்டுவது சரியில்லை, பிற ஆய்வுகளில் இப்படி நேரவில்லை. ஆனால் ‘மூச்சு முட்டினால் இந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சீட்டு எழுதிக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது என்ற எச்சரிக்கையை இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். எந்த அறிகுறி வந்தால் 108க்குக் கூப்பிட வேண்டும் என்பது மருந்துச் சீட்டைவிடப் பெரிய எழுத்தில் வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும். உதடு நீலம் பாய்வது, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், ஆக்சிஜன் அளவு இறங்குவது ஆகியவை வீட்டில் வைத்துப் பார்க்கும் நிலைகள் இல்லை.

‘காற்றே கெட்டுக் கிடக்கும்போது பம்ப் கொடுத்து என்ன பயன்?’ என்று கேட்பவர்களுக்கும் நியாயம் உண்டு. மேலே சொன்ன 2018 ஆய்வின் கணக்கில் இந்தியாவின் சி.ஓ.பி.டி. சுமையில் 53.7 சதவீதம் காற்று மாசால் வருவது, புகையிலைக்கு 25.4, தொழிலிடத் தூசு முதலியவற்றுக்கு 16.5. பீடியே தொடாத பெண்ணுக்கு ஐம்பது வயதில் இளைப்பு வருவதற்கு முப்பது ஆண்டு விறகடுப்பு காரணமாக இருக்கலாம். கொங்கு மண்டலப் பஞ்சாலை, கல்குவாரி, வார்ப்பட ஆலை, அரிசி ஆலை, பீடி சுற்றும் திண்ணை என்று நம் தொழில் வரைபடத்தின் மேல் நுரையீரல் நோயின் வரைபடத்தைப் பொருத்திப் பார்க்கலாம். இவற்றை மாற்றுவது சட்டத்தின் வேலை, அதை வீட்டுக்கு வரும் தன்னார்வலர் தலையில் கட்ட முடியாது. ஆனால் புகையின் ஒரு பகுதி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். கேஸ் சிலிண்டர் இருந்தும் வெந்நீருக்கு மட்டும் விறகடுப்பு எரிவதும், சன்னலை அடைத்துவிட்டு இரவெல்லாம் கொசுவத்தி புகைவதும் எந்த மருத்துவரின் குறிப்பேட்டிலும் ஏறுவதில்லை. ஒரு கொசுவத்திச் சுருள் முழுக்க எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் வரைக்கும் இணையான நுண்துகள் வெளியாகிறது என்று 2003இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை வாங்கச் சொல்வது சிறிய ஆலோசனைதான், ஆனால் இளைப்பு நோயாளியின் வீட்டில் அது மருந்துக்குச் சமம்.

நம் ஊரில் மூச்சு முட்டும் நாட்கள் காலண்டரிலேயே இருக்கின்றன. தீபாவளிப் புகை, மார்கழிப் பனி, போகி விடியலின் டயர் நாற்றம். எந்த வாரத்தில் நோய் முற்றப்போகிறது என்று முன்கூட்டியே இவ்வளவு தெளிவாகத் தெரியும் நோய்கள் குறைவு. அந்த வாரங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போய், பம்ப்பில் மருந்து மீதி இருக்கிறதா, இழுக்கும் முறை சரியா, அன்றைக்கு எந்த அறையில் இருப்பது என்று பார்த்துவைத்தால் பல அவசர ஊர்திப் பயணங்கள் தவிரும். சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசியும் நிமோகாக்கல் தடுப்பூசியும் பரிந்துரைக்கப்படுகின்றன. நம் இலவசத் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளோடும் கர்ப்பிணிகளோடும் நின்றுவிடுவதால் நுரையீரல் நோயுள்ள கூலித் தொழிலாளிக்கு அவை எட்டுவதில்லை.

யாருக்கு நோய் என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் நிர்வாகத்தினர் எழுப்பும் முதல் சந்தேகம். ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப்பார்க்கும் சோதனை எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இல்லை. மூச்சு வாங்குவதெல்லாம் நுரையீரல் நோயும் இல்லை, ரத்தசோகையாக இருக்கலாம், இதயம் பலவீனப்பட்டிருக்கலாம். ஆகவே தன்னார்வலர் நோயைப் பெயரிடக் கூடாது, சந்தேகத்தை மட்டும் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். நேபாளம், பெரு, உகாண்டா ஆகிய நாடுகளில் 10,709 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், சில கேள்விகளும் ஊதும் வேகத்தை அளக்கும் மலிவான சிறு கருவியும் கொண்டே சி.ஓ.பி.டி. இருக்கக்கூடியவர்களைச் சலித்தெடுக்க முடிந்தது. மத்திய அரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் வீடுவீடாக நிரப்பப்படும் படிவத்திலேயே மூச்சுத்திணறல், அடுப்பு எரிபொருள், தூசு வேலை பற்றிய கேள்விகள் இருக்கின்றன. பதிலைக் கேட்டுக் குறித்த பிறகு அடுத்து என்ன என்பதுதான் இல்லை. கேரளம் ‘ஸ்வாஸ்’ என்ற பெயரில் குடும்ப சுகாதார மையங்களில் மூச்சுநோய்க் கிளினிக்குகளை நடத்துகிறது, ஊதும் சோதனை அங்கே எளிய மக்களுக்கு எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. நம்மிடமும் முன்னுதாரணம் உண்டு. 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ உடல் எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றை மட்டும் பார்த்து, உயிராபத்தில் இருப்பவர்களை ஆய்வகம் இல்லாமலே முன்களப் பணியாளர்கள் பிரித்தறியும்படி செய்தது. அதே பணியாளர், அதே விரல்நுனி ஆக்சிமீட்டர். காசநோய்ச் சிகிச்சை முடிந்து ‘குணமாகிவிட்டார்’ என்று கணக்கு மூடப்படும் நாளில் அவருடைய நுரையீரலை ஒருமுறை ஊதிப்பார்க்கச் சொன்னால், பின்னால் வரப்போகும் இளைப்பு நோயாளிகளில் ஒரு பகுதியை அங்கேயே அடையாளம் கண்டுவிடலாம்.

தன்னார்வலர்களுக்கு ஏற்கெனவே சுமை அதிகம் என்ற ஆட்சேபணைக்கு மட்டும் என்னிடம் எதிர்வாதம் கிடையாது, அது உண்மை. ஊக்கத்தொகை என்ற பெயரில் சிறு தொகை வாங்கிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கும் பெண்களிடம் இன்னொரு பதிவேட்டைக் கொடுத்தால் பதிவேடு நிரம்பும், பம்ப் சொல்லிக்கொடுக்கும் நேரம் கிடைக்காது. மூச்சு நோயைச் சேர்ப்பதாக இருந்தால் ஒருவருக்கான வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, சம்பளம் என்று சொல்லத்தக்க ஊதியத்தைக் கொடுத்துத்தான் சேர்க்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்றால், மோசமான இளைப்போடு ஜி.ஹெச்.சில் பல நாள் படுத்துக் கிடக்கும் ஒவ்வொருவருக்கும் அரசு செலவிடுவதில் ஒரு பகுதி இங்கே திரும்பும். மருந்தைப் பொறுத்தவரை 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மொத்தமாக வாங்கி விலையைக் குறைப்பதில் நாட்டுக்கே வழிகாட்டியது. அழற்சி மருந்தும் குழாயைத் திறக்கும் மருந்தும் சேர்ந்த பம்ப் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசியப் பட்டியலில் இருக்கிறது. அது கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த மாதமும் தீர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். மருந்து இல்லாத ஊரில் இழுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

நுரையீரல் பெரும்பகுதி அழிந்துபோனவர்களும் இருக்கிறார்கள். முகத்தில் குளிர்ந்த காற்று படும்போது மூச்சுத்திணறல் உணர்வு குறைகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம், சிறிய கைவிசிறிகூட அந்த வேலையைச் செய்யும். ஓய்வில் இருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிட்டவர்களுக்கு வீட்டில் நாளொன்றுக்கு 15 மணி நேரமாவது ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் நீள்கிறது என்று 1980, 1981 ஆண்டுகளில் வெளியான இரண்டு ஆய்வுகள் நிறுவின. ஓரளவே குறைந்தவர்களுக்கு அதனால் பயனில்லை என்று 2016இல் தெரியவந்தது, எனவே யாருக்கு வேண்டும் என்பதை அளந்து முடிவுசெய்ய வேண்டும். வேண்டியவர்களுக்கு ஆக்சிஜன் செறிவூட்டியை அரசு கொடுத்துவிட்டாலும் ஒரு தடை மிச்சமிருக்கிறது. 5 லிட்டர் செறிவூட்டி 300 முதல் 350 வாட் மின்சாரம் எடுக்கும். 15 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 யூனிட், இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு இலவசம் 100 யூனிட், அதுவும் மின்விசிறிக்கும் விளக்குக்குமே சரியாகப் போய்விடும். பில்லுக்குப் பயந்து ராத்திரியில் மட்டும் இயந்திரத்தைப் போடும் குடும்பத்தில் 15 மணி நேரம் எட்டாகச் சுருங்கும், ஆயுளை நீட்டிய அந்த ஆய்வுகளின் கணக்குக்கு அது போதாது. அரசு மருத்துவர் எழுதிக்கொடுத்து, நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டில் வந்து உறுதிசெய்யும் செறிவூட்டி ஒவ்வொன்றுக்கும் இரு மாதத்துக்குக் கூடுதலாக 300 யூனிட் இலவசம் என்று மின்வாரியத்துக்கு அரசு ஓர் ஆணை போட்டால் போதும். அடுத்த பட்ஜெட்வரை காத்திருக்க வேண்டிய அளவுக்குப் பெரிய செலவில்லை இது.